வீங்கிய ஈறும் வீட்டுச் சந்தேகமும்

இங்கே பஹ்ரைனில் குபூஸ் என்று ஒரு ரொட்டி. காலையில் பஞ்சு, மத்தியானம் பலகை. ஒரு மாதமாக நான் கடித்த இடத்திலெல்லாம் ரத்தம். கீழ் ஈறு வீங்கி, கன்னம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அரபியின் படகில் வலை இழுக்கக் கை போதும், வாய் வேண்டாம். அதனால் வேலை நடந்தது. வீட்டுக்குப் போன் பேசத்தான் வாய் வேண்டும். அங்கேதான் வினை வந்தது.

"என்ன, வாய் கொளறுது? குடிச்சிருக்கியளா?" என்றாள் என் மனைவி பிலோமி.

"ஏட்டி, ஈறு வீங்கிக் கெடக்கு."

"பண்டு குடிச்சப்பவும் பல்லுவலின்னுதானே சொன்னிய?"

போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவே இல்லை.

புதுக்கடைக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். அங்கே இருந்தபோது குடித்தேன். கோயிலில் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்து நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் என்னை இங்கே அனுப்பச் சம்மதித்தாள். சத்தியம் உடைந்தால் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லியே அனுப்பினாள். ஊரில் மட்டும் ஈறு நன்றாக இருந்ததா? அங்கும் ரத்தம் வரும். துப்பிவிட்டுக் கடலுக்குப் போவோம். முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், குடியா வலியா என்று. போனில் என்ன தெரியும்?

அறையில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் கிராம்பு என்றார். ஒருவர் கொய்யா இலையை மெல்லச் சொன்னார். இந்த மணல்காட்டில் கொய்யாவுக்கு எங்கே போக? குலசேகரத்து ராஜன்தான் எல்லாருக்கும் மேலே போனான்.

"ஓய், ஒரு மடக்கு பிராந்தி வாயில வச்சித் துப்பும். மரத்துப் போவும்."

"சத்தியம் இருக்குடே."

"குடிக்கவா சொன்னேன்? துப்பத்தானே சொன்னேன்."

"துப்பினதுக்கு சாட்சி யாரு, நீயா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் வலித்தது.

கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். எகிப்துக்காரர். எப்படிப் பல் தேய்ப்பாய் என்று சைகையில் கேட்டார். படகின் அடியை எப்படித் தேய்ப்போமோ அப்படித் தோளிலிருந்து இழுத்துத் தேய்த்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். "நோ, நோ! ஸ்லோலி!" என்று கையைப் பிடித்துவிட்டார். ஒரு படம் காட்டினார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மஞ்சளாகக் காறை. படகடியில் சிப்பி பிடிப்பது போலத்தான். பிரஷ்ஷால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அது தெரியாமல் நான் அழுத்தி அழுத்தி ஈறைத் தேய்த்திருக்கிறேன். மிஷின் வைத்துச் சுரண்டினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, மெத்தென்ற பிரஷ் வாங்கு, படுக்கும் முன்னும் தேய், விரிந்த பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போடு. இவ்வளவுதான். இதற்கா ஒரு மாதம்!

மறுநாள் வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக எடுத்தாள். வாயைத் திறந்து காட்டினேன்.

"இன்னும் தொறங்க. லைட்டக் காட்டுங்க." வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கஞ்சி கிஞ்சி வல்லதும் குடிச்சியளா?" என்றாள்.

போதும். எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"ஒங்க பிரஷ் இங்கயும் ஒண்ணு கெடக்கு. நாரெல்லாம் விரிஞ்சு போச்சு. களையவா?"

"கெடக்கட்டும்."

"அது ஈறக் கிழிக்குமே."

"கெடக்கட்டும் ஏட்டி."

இங்கே என் புது பிரஷ் ஐந்து பேருடைய பிரஷ்ஷோடு ஒரு டப்பாவில் நிற்கிறது. அங்கே உள்ளதையும் களைந்துவிட்டால், அந்த வீட்டுக் கோப்பையில் அவளுடையது மட்டும்தான் இருக்கும்.