அட்டையின் பின்பக்கம்

ஜேசுரட்ணத்திடம் மூவாயிரத்துச் சொச்சம் பேஸ்போல் அட்டைகள் இருந்தன. மன்னாரிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்த மனிதருக்கு, அமெரிக்கர் ஆடும் ஆட்டத்தில் எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால், சலவை இயந்திரத்தைக் கை காட்டுவார். வந்த புதிதில் அமெரிக்கப் படைமுகாமின் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. தோய்க்க வரும் சீருடைகளின் பைகளுக்குள் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள் கிடக்கும். திருப்பிக் கொடுக்கப் போனால், நீயே வைத்துக்கொள் என்று சிப்பாய்கள் சிரிப்பார்கள்.

மற்றவர்கள் அட்டையின் படத்தைப் பார்ப்பார்கள். இவர் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டு எத்தனை அடித்தார், எத்தனை ஓடினார் என்று பொடி எழுத்தில் அங்கே இருக்கும். படம் பொய் சொல்லலாம், பின்பக்கம் சொல்லாது என்பது அவர் கட்சி.

அவரால் விழுங்கவும் துப்பவும் முடியாமல் இருந்தது ஹோம்ரன் போட்டி ஒன்றுதான். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடிக்க வேண்டும், அவ்வளவே. ஓட வேண்டியதில்லை. அது ஆட்டக் கணக்கில் சேராத வேடிக்கை; அதில் நூறு அடித்தாலும் அட்டையின் பின்பக்கத்தில் ஏறாது. தூக்கித் தூக்கி அடித்த கை, பிறகு மட்டையை இயல்பாக வீச மறந்துவிடும் என்றும் நம்பினார். போட்டிக்குப் போனவர்களின் அட்டைகளில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். இருபது பேரில் பதினொரு பேருக்கு அதற்குப் பிறகு எண்ணிக்கை இறங்கியிருந்தது. இறங்காத ஒன்பது பேரைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் அந்தப் போட்டி தொலைக்காட்சியில் வந்தால் கதிரையை விட்டு எழும்பமாட்டார். பந்து மேலே போகப் போக அவர் நாடியும் மேலே போகும்.

இந்த ஜூலையில் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பதினேழு வயது மகன் லக்ஸன், வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னான்.

"அப்பா, நாளைக்குக் கிளப்பில ஹோம்ரன் போட்டி. அடிக்கிறவர் தனக்குப் பந்து போட ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேணும். நீங்கள்தான் எனக்குப் போடுறியள்."

"ஞாயிற்றுக்கிழமை மாநில அணித் தெரிவு இருக்கடா! முதல் நாள் இந்தக் கூத்துத் தேவையோ?"

"ட்றெய்னரே ஒண்டும் சொல்லேல்லை."

"அவர் என்ர அட்டையளைப் பாத்தவரோ?"

மனைவி றோசம்மா சோற்றுக் கரண்டியை ஓங்கினாள். "மாதாவைக் கும்பிடுற வேதக்காரருக்குச் சாதகம் இல்லையெண்டு ஆர் சொன்னது? அலுமாரிக்குள்ள மூவாயிரம் சாதகம் கிடக்கு. எங்கட கலியாணத்துக்கே இவ்வளவு பாக்கேல்லை."

ஜேசுரட்ணம் பந்து போடப் பழகியதும் அட்டையிலிருந்துதான். ஓர் அட்டையில் எறிகாரர் ஒருவரின் விரல்கள் பெரிதாகத் தெரியும். இரண்டு விரலும் பந்தின் தையல் வழியே நீண்டிருக்கும். அப்படிப் பிடித்து எறிந்தால் பந்து மட்டைக்குக் கிட்ட வந்து சட்டென்று தாழும். மகனுக்கு எட்டு வயதிலிருந்து, கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பந்தைத்தான் போட்டு வந்தார். தாழும் பந்தைத் தரையோடு விரட்டித்தான் பையன் பெயர் எடுத்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் பந்தைக் கையில் எடுத்தபோது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. தாழ்ந்து வரும் பந்து வேலியைத் தாண்டாது. பத்துத் தரம் தவறினால் போட்டி முடியும். கை கெடுவதற்கு முன்பே பையன் வெளியே வந்துவிடுவான். யாருக்கும் தெரியவும் போவதில்லை.

முதல் பந்து தாழ்ந்தது. தரையில் உருண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் உருண்டபோது லக்ஸன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவரிடம் நடந்து வந்தான்.

"அப்பா, விரலை மாத்துங்கோ."

"என்ன விரல்?"

"ஒன்பது வருசமா அந்தப் பந்தைத்தான் அடிக்கிறன். எனக்குத் தெரியாதோ? வேண்டாமெண்டால் வாய் திறந்து சொல்லுங்கோ, மட்டையை வச்சிட்டு வாறன். இப்பிடிச் செய்யாதேங்கோ."

ஜேசுரட்ணத்துக்குக் காது சுட்டது. சுற்றிலும் பார்த்தார். வேலியோரம் றோசம்மா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய் நில்லடா," என்றார்.

விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைத்தார். பந்து நேராகப் போனது. லக்ஸன் வீசினான். அது வேலியைத் தாண்டி, அப்பால் யாரோ ஒருவரின் தோட்டத்து ஆப்பிள் மரத்துக்குள் போய் விழுந்தது. அடுத்ததும் போனது. ஆறாவது பந்து போனபோது, "மேல! மேல!" என்று ஒருவர் கத்துவது கேட்டது. கத்தியது தான்தான் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

லக்ஸன் மூன்றாமிடம் வந்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பந்து போட்ட கையைப் பார்த்தபடியே வந்தார்.

ஞாயிறு காலை, தெரிவு ஆட்டத்தில் லக்ஸன் முதல் பந்துக்கு மட்டையை வானத்தைப் பார்த்து வீசினான். வெறும் காற்று. இரண்டாவதும் காற்று. ஜேசுரட்ணம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கெட்டுப்போச்சு றோசம்மா. நான்தான் கெடுத்தனான். இந்தக் கையாலதான் போட்டன்."

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்!"

மூன்றாவது பந்து மட்டைக்குக் கிட்ட வந்து சட்டென்று தாழ்ந்தது. கார் நிறுத்துமிடத்துப் பந்து. லக்ஸனின் மட்டையும் கூடவே தாழ்ந்தது. தடுக்க நின்ற இரண்டு பேருக்கு நடுவே பந்து தரையோடு சீறிப் போக, அவன் முதல் தளத்தில் போய் நின்று தொப்பியைச் சரிசெய்தான். ஒன்றும் நடக்காதவன் போல.

ஜேசுரட்ணம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து கையில் பிடித்திருந்த, வெண்ணெய் பூசிய பாண் துண்டை அப்போதுதான் கடித்தார். இவ்வளவு ருசியான பாணை அவர் சாப்பிட்டதில்லை. அன்று லக்ஸன் நான்கு தரம் மட்டை பிடித்து மூன்று தரம் தளம் சேர்ந்தான். பின்னேரம் ஒட்டிய, தெரிவானவர்களின் பட்டியலில் அவன் பெயர் ஐந்தாவதாக இருந்தது.

ஒவ்வொரு பருவத்துக்கும் மகனுக்கென்று ஓர் அட்டை செய்வது ஜேசுரட்ணத்தின் வழக்கம். முன்பக்கம் படம், பின்பக்கம் கையால் எழுதிய எண்கள். செப்டெம்பரில் அவர் எழுதிக்கொண்டிருக்க, லக்ஸன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அந்தச் சனிக்கிழமை அடிச்ச ஆறும் எங்கை?"

"அது பின்பக்கத்தில ஏறாது."

அட்டையைத் திருப்பிக் காட்டினார். றோசம்மா எடுத்த படம். லக்ஸனின் மட்டை தோளைச் சுற்றியிருந்தது, பந்து வானத்தில் ஒரு பொட்டாக இருந்தது, ஓரத்தில் ஜேசுரட்ணம் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

பிறகு பென்சிலை எடுத்து மூலையில் ஒரு புள்ளி வைத்தார். இறங்காதவர்கள் இப்போது பத்துப் பேர். அதை மட்டும், அடுத்த ஆண்டு எண்கள் வரும்வரை பொறுக்காமல், கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.