வயிற்று ஆபரேஷனும் பாதியில் திரும்பிய கொடைக்கானல் பயணமும்

கொடைக்கானல் கடைகளுக்குத் தைலம் மொத்தமாகப் போடுகிறவள் நான். இரட்டைப் பிள்ளை பெற்ற பிறகு என் வயிறு பழையபடி ஆகவே இல்லை. நடுவில் தசை பிளந்து, தோல் மடிந்து தொங்கி, மடிப்புக்குள் எப்போதும் புண். தைலக் கேனைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். அழகுக்காகவா என்றால், அதற்காகவும்தான். போன ஏப்ரல் கடைசியில் மதுரையில் கொழுப்பை உறிஞ்சி, மிச்சத் தோலை வெட்டி, தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். ஒன்றே முக்கால் லட்சம்.

இரண்டு வாரம் மதுரையிலேயே இருங்கள் என்றார் டாக்டர். மே சீசன் யாருக்குக் காத்திருக்கும்? ஏழாம் நாளே கொடைக்கானல் வீட்டுக்கு டாக்சி பிடித்தேன். நூற்றிருபது கிலோமீட்டர், வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வயிற்றில் இறுக்குப் பட்டை, நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட புண்நீர் வடிகுழாய். மணிக்கொரு தரம் இறங்கி நடக்கச் சொல்லியிருந்தார்கள். டிரைவர் சேகரிடம் நான் சொன்னது "ஆபரேஷன்" என்று மட்டும். குலுங்கக் கூடாதென்று அவரும் பூப்போல ஓட்டினார், எங்கேயும் நிறுத்தவில்லை. நானோ மாத்திரை மயக்கத்தில் சுருண்டு கிடந்தேன்.

மலைமேல் பண்ணைக்காடு பிரிவில் கண் விழித்தபோது இடது கெண்டைக்கால் கல்லாக இருந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கப் பார்த்தேன்; ஊன்றினால் உயிர் போனது. அங்கே டீக்கடை வைத்திருக்கும் ராசாத்தி என் வாடிக்கைக்காரி. கைத்தாங்கலாக இறக்கி பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"மரத்துப் போயிருக்குக்கா. சூடு பறக்கத் தேச்சா வெரசா சரியாப்போகும்." அலமாரியிலிருந்து அவள் எடுத்தது என் தைலம்.

மூடி திறந்த வாசனை வந்ததும்தான் வார்டு சிஸ்டர் சொன்னது உறைத்தது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள். குனிந்து பார்த்தேன். இடது காலில் மட்டும் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

"ஏய், தொடாத!"

"என்னக்கா, ஒங்க தைலந்தான! ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

சிஸ்டருக்குப் போன் போட்டேன். "ரத்தக்கட்டியா இருக்கலாம்மா. தேய்ச்சா அது கெளம்பி நுரையீரலுக்குப் போயிரும். உடனே ஸ்கேன் பாக்கணும்" என்றவர், திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பதை உறுதி செய்து சொன்னார். அறுபத்தைந்து கிலோமீட்டர். கணவரும் பிள்ளைகளும் மேலே காத்திருக்கிறார்கள். கார் கீழே திரும்பியது.

ஒவ்வொரு வளைவிலும் மூச்சை இழுத்துப் பார்த்தேன், நெஞ்சில் குத்துகிறதா என்று. பனியில் எதிர்வண்டி விளக்கு மட்டும் தெரிந்தது.

"என்ன ஆபரேஷன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தி நிறுத்தி வந்திருப்பேன்லக்கா?"

"வயித்துச் சதையக் கொறைக்கிறது, தம்பி."

"எம் பொண்டாட்டியும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கா" என்றார் சேகர். சிரிக்கக்கூட பயமாக இருந்தது, தையலுக்கும் நெஞ்சுக்கும் சேர்த்து.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை. டாக்டர் சரி என்ற பிறகுதான் மலையேறினேன்.

இதே ஆபரேஷன் செய்துகொண்டு மலைக்குத் திரும்புகிறவர்கள், டாக்டர் சொல்லும் வரை சமவெளியிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். அந்தச் செலவை ஆபரேஷன் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். டிரைவரிடம் வெட்கப்படாமல் விவரம் சொல்லி, வத்தலக்குண்டில் ஒரு தடவை, மலையில் இரண்டு தடவை இறங்கி நடங்கள். மூச்சு முட்டினால் காரை நம்பாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சதை போனதில் எனக்கு வருத்தமில்லை. கேன் தூக்கினால் இடுப்பு இப்போது வலிப்பதில்லை.

என் பாட்டிலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இதைத் தேய்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்." புதுச் சரக்கு இறக்கிய அன்று ராசாத்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"தைலத்துலயே தேய்க்காதன்னு போட்டா எவன்க்கா வாங்குவான்?"

"உசுரோட இருக்குறவன் மறுபடியும் வாங்குவான், எறக்கி வையி."