சங்கிலி இல்லாத தீவு

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. டிக்கெட்டை நான்காக மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகி வைத்திருந்தார். அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

நான் வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறவன். மடிக்கணினியில் ஒரு கற்பனைத் தீவு இருந்தது. வயலில் ஆயிரம் அடிமைகள், காலில் சங்கிலி, சுற்றிலும் காவலர்கள். அவர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“இது நடக்காதுங்க. காலைக் கட்டிப்போட்டா சேத்துல எப்படி ஏர் ஓட்டுவான்? இத்தனை காவக்காரனுக்கு யாரு சோறு போடுறது?”

“கட்டலைன்னா ஓடிடுவாங்களே?”

“எங்க ஓடுறது? குடிசை இருக்குற மனையே மிராசுதாரோடது. அடுத்த ஊருக்குப் போனா, எடுத்ததும் ‘யாரு பண்ணை ஆளுடா நீ?’ன்னு கேப்பான். எங்க தாத்தா ரெண்டு தடவை ஓடிப் பாத்தாரு. ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

அன்றே சங்கிலிகளையும் காவலர்களையும் எடுத்துவிட்டேன். தீவில் எதிர்ப்படுகிற எல்லோரையும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவைத்தேன். அடிமையாக விளையாடிப் பார்த்தவர்களில் ஒருவரும் தீவிலிருந்து தப்பவில்லை.

அவர் கீழ்வேளூரில் இறங்கிப் போனார். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வந்து உட்கார்ந்ததுமே எந்த ஊர் என்று கேட்டிருந்தேன்.

“கீழ்வேளூர் பக்கங்க.”

“அங்க எந்தத் தெரு?”

அவர் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.