முள் இல்லாத தூதுவளை

பெரியம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அவளிடம் மருந்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் எந்த இலையைப் பறித்துக் கொதிக்கவைக்க வேண்டும் என்பதை அவள் எழுதிக் கொடுக்கமாட்டாள், வரைந்து கொடுப்பாள். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் செடி, அதன் பக்கத்தில் எத்தனை கைப்பிடி என்பதற்கு அத்தனை கைகள், எத்தனை வேளை என்பதற்கு அத்தனை சூரியன்கள். விழிஞ்ஞத்திலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்கள் அந்தத் தாளை நனையாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்.

வர்ணங்களையும் அவளே செய்தாள். அவுரிச்சாறும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை, கரிசாலையில் கறுப்பு, ஒட்டுவதற்கு வேப்பம்பிசின். தாழை வேரைத் தட்டி நார் பிரித்துத் தூரிகை. கஷாயச் சட்டியும் வர்ணச் சிரட்டைகளும் ஒரே அடுப்படியில் இருந்தன. எதில் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். படத்தில் ஒரு நரம்பு தப்பினால் யாரோ ஒருத்தி வேறு இலையைப் பறித்துக் குடித்துவிடுவாள் என்று சொல்வாள். அவள் கை தப்பி நான் பார்த்ததில்லை, அந்த ஒரு மாதத்தைத் தவிர.

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. அப்பா வடக்கே எங்கேயோ லாரியில் இருந்தார். எங்கே என்பது அம்மாவுக்கும் தெரியாது. தம்பி பிறந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். என்னிடம் அவன் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வலியசாலைக்குப் பின்னால் பெரியம்மாவின் வாடகை வீட்டுக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டவர் மாமா. அன்றிலிருந்து அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஊட்டினால் விழுங்குவாள். பேச்சு இல்லை.

மாமா ஒருமுறை இரண்டு ஆட்களோடு வந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார். அம்மா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. மாமா கெட்டவர் இல்லை. கணக்காபீஸில் வேலை பார்த்தவர், எதையும் ஒரு தேதிக்குள் முடிக்க நினைப்பவர், அவ்வளவுதான்.

"அக்கா, பச்சிலை வச்சே சொஸ்தமாக்கிடுவேன்னு நெனச்சிட்டிருக்கியா? டாக்டர்ட்ட அப்பாயின்மென்ட் வாங்கியாச்சு. ஞாயிற்றுக்கிழம காரு கொண்டுட்டு வருவேன்."

"டாக்டர் வேண்டாம்னு நான் சொல்லல்ல. அவ காலு வச்சு நடந்து போட்டும். தூக்கிட்டுப் போகாண்டாம்."

"எப்ப நடப்பா?"

பெரியம்மா வர்ணச் சிரட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

அதற்கு முன்பே அவள் சுவரில் வரைய ஆரம்பித்திருந்தாள். அம்மாவின் கண்ணுக்கு நேராக, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, தினம் ஒரு சாண் அளவுக்கு. முதலில் வல்லாரை வந்தது, பிறகு ஆடாதோடை. அந்த வாரம் தூதுவளை. கொடி வந்தது, இலை வந்தது, ஊதாப்பூகூட வந்தது. முள் வரவில்லை. தூதுவளைக்குத் தண்டிலும் முள், இலையிலும் முள். பறிக்கிறபோது அது கையைக் கீறாமல் விடாது. எனக்கே தெரிந்த விஷயம் அது.

"பெரியம்மா, முள்ளு போடல்ல."

"நீ மிண்டாம கெட," என்றாள், என் வாயைப் பொத்தி, குரலைத் தாழ்த்தி.

மறுநாளும் முள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெரியம்மா படத்தை முடித்துவிட்டு அதைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பெரியம்மாவுக்குக் கண் போய்விட்டது, இல்லையென்றால் செடி மறந்துபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இந்தச் சுவரைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு தூதுவளை வரையத் தெரியாதவளை நம்பியா என் தங்கையை விட்டுவைத்திருக்கிறேன் என்பார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா பால் வாங்கப் போனாள். நான் அடுப்பிலிருந்து ஆறின கரித்துண்டு ஒன்றை எடுத்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தலைமாட்டுப் பக்கமாகக் கட்டிலில் ஏறி, எட்டி, கொடி முழுக்க முள் போட்டேன். கோடு கோடாக, இரண்டு பக்கமும், ஒன்றுவிடாமல். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

பெரியம்மா பாலோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே போய்க் குனிந்து, "நீயா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அப்படி ஒரு குரலை அவளிடம் அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா அசையவில்லை. பெரியம்மா மறுபடி சுவரைப் பார்த்தாள், இந்தத் தடவை மூக்கு சுவரில் படும் அளவுக்குக் கிட்டத்தில். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எளா, வா. கை கழுவலாம். அடை சுட்டு வச்சிருக்கேன்."

கிணற்றடியில் தேங்காயெண்ணெய் தடவி, பயத்தம்மாவு போட்டு, என் கையைத் தேய்த்தாள். ஒரு தரம் கழுவிப் பார்த்தாள், மறுபடி எண்ணெய் தடவினாள். நகக்கண்ணுக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சுரண்டினாள். வலித்தது. ஒரு அடை தின்பதற்கு இவ்வளவு கழுவ வேண்டுமா என்று நினைத்தேன். கையில் கரி எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மாமா காரோடு வந்தார். பெரியம்மா அவரைக் கட்டிலருகே கூட்டிக்கொண்டு போனாள்.

"நேத்து வரைக்கும் முள்ளு இல்ல. இன்னைக்குப் பாரு."

"யாரு போட்டது?"

"இந்த வீட்டுல நான் வரைஞ்சா குத்தம் பாக்கிறது யாரு? சின்னதுலேந்தே அவதானே. நான் வரைவேன், அவ பக்கத்துல நின்னு, அக்கா, இது சரியில்லன்னு அழிப்பா. நீயும் பாத்திருக்கேல்லா?"

மாமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். கணக்காபீஸ் கண் அது.

"பிள்ளே, இங்க வா. கையைக் காட்டு."

நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசனை.

"பத்து நாள், அக்கா," என்றார். "அதுக்கு மேல இல்ல." காரை வெறுமனே திருப்பிக்கொண்டு போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே கரித்துண்டில் இரண்டு பெரியவர்களை ஏமாற்றிவிட்ட பெருமை பாதி. பெரியம்மா பாவம், அம்மாதான் வரைந்தாள் என்று நம்பிவிட்டாளே என்ற வருத்தம் பாதி.

மறுநாள் பெரியம்மா கீழாநெல்லி வரைய ஆரம்பித்தாள். அதிலும் பிழை. இலைக்கு அடியில் தொங்க வேண்டிய காய்களை இலைக்கு மேலே வரிசையாக உட்காரவைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அடுப்பில் கரி இல்லை. அந்த நாட்களில் அவள் அடுப்பை உடனுக்குடன் வழித்துச் சாம்பலைக் கொல்லையில் கொட்டிவிடுவாள்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பெரியம்மா சுவரில் இன்னும் ஒரு காயை இலைக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து யாரோ பேசினார்கள். தொண்டை கட்டிய குரல். அது அம்மாதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"காயி மேலயாக்கா இருக்கும்?"

பெரியம்மாவின் கை நின்றது. திரும்பவில்லை. "பின்ன எங்க இருக்கும்?"

அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தூரிகையை வாங்கினாள். ஒரு இலைக்கு அடியில் ஒரு பொட்டு வைத்தாள், அடுத்த இலைக்கு அடியில் ஒரு பொட்டு. அப்புறம் தூதுவளையைப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது? முள்ளு வளைஞ்சுல்லா இருக்கும். இது மீன்முள்ளு."

"நான்தான் போட்டேன். கண்ணு சரியில்ல," என்றாள் பெரியம்மா. அதன் பிறகு தூரிகை கழுவப்போவதுபோல எழுந்து கிணற்றடிக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை.

பத்தாம் நாள் மாமா வந்தபோது அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். காருக்குத் தானே நடந்து போனாள், பெரியம்மா கூட நடந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கஷாயமும் நடந்தது, மாத்திரையும் நடந்தது. அதற்கப்புறம் பெரியம்மா ஒரு செடியையும் தப்பாக வரையவில்லை. மாமா வாங்கிக் கொடுத்த புதுக் கண்ணாடிதான் காரணம் என்று நான் நினைத்தேன். அந்தக் கண்ணாடியை அவள் போட்டதே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அதற்குப் பிறகு ஒரு ஊரில் நிலைத்து நின்றதில்லை. துறைமுகம் கட்டியபோது விழிஞ்ஞத்தில் கல் சுமந்தேன், கோயம்புத்தூரில் மில்லில் நின்றேன். இப்போது கழக்கூட்டத்தில், ஐடி பிள்ளைகள் வந்து சாப்பிடும் ஒரு கடையில் கோழி சுடுகிறேன். கரியடுப்பு. பெரியம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. நான் அவளை ஏமாற்றியதை அவளிடம் சொல்லாமலே விட்டேனே என்று, இந்தக் கடைக்கு வரும்வரை, இடையிடையே நினைத்துக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பிட உட்காரும்முன் கை கழுவினேன். சோப்பு போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன். விரலெல்லாம் வெளுத்தும் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நின்றது.

"வெறும் சோப்புக்குப் போவாது, சேச்சி," என்றாள் கூட வேலை செய்த பெண். "எண்ணெ தேய்க்கணும். ஈர்க்குச்சி வச்சு சுரண்டணும்."

குழாயை மூடாமல் நின்றேன். அன்று கிணற்றடியில் பெரியம்மா என் கையை அப்படித் தேய்த்தது அடைக்காக இல்லை.