சகலை தோளில் தொங்கிய பெல்ட்

கிடார் ரிப்பேர் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் திருப்புளி என்று பெயர். மற்றவர்கள் காதில் பென்சில் செருகுவார்கள். அவர் சின்னத் திருப்புளி செருகியிருப்பார். சாப்பிட உட்காரும்போது மனைவிதான் அதை உருவி எடுத்து வைப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரத் தையல் மெஷினில் மனைவி கிடார் பெல்ட் தைப்பார். பெல்ட் அந்த அம்மாள் பொறுப்பு, பெல்ட் மாட்டும் பட்டன் இவர் பொறுப்பு.

கிடாரின் அடியில் ஒன்றும் கழுத்தை ஒட்டிய கொம்பில் ஒன்றுமாக இருக்கும் அந்த இரண்டு உலோகக் குமிழ்கள்தான் கிடாரின் முழுக் கனத்தையும் தாங்குகின்றன. நாளாக ஆக திருகாணித் துளையில் மரம் தேய்ந்து பட்டன் ஆட ஆரம்பிக்கும். பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாக அடைத்து, ஓர் இரவு காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, புதுத் துளை போட்டு முறுக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆள் அவசரப்படுத்தினாலும் நாளைக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். யார் மேலும் அவருக்குப் பொறாமை கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சகலை, மனைவியின் தங்கை கணவர். இசைக்குழுவில் கிடார் வாசிக்கிறவர். மாமியார் வீட்டில் டேபிள் ஃபேன் அவர் பக்கம்தான் திரும்பும். இவர் கிடாரைப் பிரித்து மேய்வார் என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. சகலை திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பார். பாவி மனுஷன் நல்லவராகவும் இருந்து தொலைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை சகலை கிடாரோடு வந்தார். மாலையில் கச்சேரி. அடிப் பட்டன் விழுகிற பல் போல ஆடியது. ராத்திரி காயவேண்டும், இன்றைக்கு உட்கார்ந்து வாசியுங்கள் என்று சொல்ல இவர் வாயெடுத்தார். அதற்குள் சகலை பையிலிருந்து பெல்ட்டை எடுத்து மேஜையில் போட்டார். நீலத் துணி, ஓரத்தில் மஞ்சள் நூல் தையல். கல்யாணமான புதிதில் மனைவி இவருக்கென்று தைத்த பெல்ட்.

"அண்ணி குடுத்தாங்க. ராசியான பெல்ட்டுண்ணே" என்றார் சகலை. "சும்மா ஒரு முறுக்கு முறுக்கி விடுங்க, போதும்."

இவர் காதிலிருந்து திருப்புளியை உருவினார். ஒரே ஒரு பல்குச்சியைப் பசையில்லாமல் துளையில் செருகி, ஆணியை முறுக்கிக் கொடுத்துவிட்டார். அசைத்துப் பார்த்தால் ஆடாது. தோளில் மாட்டிக் குதித்தால் பிடுங்கிக்கொள்ளும்.

சகலை போனபின் பெல்ட்டைப் பற்றி மனைவியிடம் கேட்டார். அலமாரியில் எத்தனை வருஷம் மடித்து வைப்பது, உங்கள் கிடாரில்தான் பட்டனே இல்லையே என்றார் அந்த அம்மாள். அது உண்மை. வெளியூர் போக நின்ற ஒருவருக்காகத் தன் கிடாரின் இரண்டு பட்டன்களையும் கழற்றிக் கொடுத்தவர், திரும்ப வேறு போட்டுக்கொள்ளவே இல்லை.

மாலையில் கச்சேரிக்குக் கிளம்பும்போது மனைவி பசைக் குப்பியை எடுத்துப் பார்த்தார். அதன் மூக்கில் முந்தாநாள் பசை காய்ந்தபடியே இருந்தது.

"பசை போடலியா?"

"கேட்டதைச் செஞ்சேன்."

"கிடார் கீழ விழுந்தா அவர்கூட அழ மாட்டாரு. நீங்கதான் அழுவீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

அரங்கில் முன்வரிசையில் மாமியாருக்கு அந்தப் பக்கம் இவருக்கு இடம். பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. கண் முழுக்கப் பட்டனில் இருந்தது. நீல பெல்ட் வேறு சகலைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இரண்டாவது பாட்டில் ஆணித்தலை சாய்ந்ததைப் பார்த்தார். அடுத்த பாட்டு குதிக்கிற பாட்டு. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள், காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறி விட்டார்.

"உக்காந்து வாசிங்க. அந்தப் பட்டன் நிக்காது" என்றார் மெதுவாக. "வேலைய நான் ஒழுங்கா செய்யல."

பக்கத்தில் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டது. அவரிடம் கிடாரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். காது சிவக்க இறங்கி வந்து உட்கார்ந்தார். சகலை உட்கார்ந்தே வாசித்து முடித்தார், கைதட்டல் குறையவில்லை.

"உக்காந்தாலும் சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு களைதான்" என்றார் மாமியார்.

மறுநாள் கிடாரை வாங்கி முறைப்படி பசை போட்டு அடைத்தார். திங்களன்று சகலை வந்தபோது பட்டன் பாறை மாதிரி நின்றது. பெல்ட்டை மட்டும் இவர் கையிலிருந்து விடவில்லை.

"இது என்னுது. உங்களுக்கு வேற தர்றேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்று சகலை கறுப்பு பெல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஏன் பசை போடவில்லை என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே தன் கிடாருக்கு இரண்டு பட்டன் வைத்தார். நீல பெல்ட்டை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

"அவருக்கு நல்லா இருந்துச்சா, எனக்கா?"

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அவருக்கு அது குட்டை. உங்க அளவுக்குத்தானே தைச்சேன்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.