அழுத்தினால் மறையாத புள்ளி

பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு, பத்து பகாட் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கேட்க நடந்துகொண்டிருந்தேன். ஜப்பான்காரன் ஆண்ட காலம், தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அதே ஆஸ்பத்திரிக்குப் போக வழியில் சேர்ந்துகொண்ட பால்மரத் தொழிலாளிக்கு முழங்காலுக்குக் கீழே நாவற்பழம் நசுங்கிய நிறத்தில் புள்ளிகள். உட்காரும்போதெல்லாம் ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அது மறையாது.

ஓரிடத்தில் இருமி, ரப்பர் இலையில் ரத்தம் துப்பினார். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க தம்பி, காசம் இல்ல. கால்ல வந்த சீக்குதான் நெஞ்சுக்குள்ளயும் வந்திருக்குன்னு தோட்டத்துல வைத்தியம் பாக்குற டிரஸ்ஸர் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா காசநோய்க்காரங்க கொட்டாயில மட்டும் படுத்துடாத, இல்லாத காசமும் ஒட்டிக்கும்னாரு."

"மருந்து குடுத்தாரா?"

"மருந்தெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான் லா."

ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி ரத்தம் வந்தது. காவலாளி காசக் கொட்டகையைக் காட்டினான். அவர் கைலியைத் தூக்கிக் காலைக் காட்டினார்.

"சொறிக்கெல்லாம் இங்க மருந்து இல்ல. கொட்டாய்க்குப் போய்யா."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அங்கே ஒரு வேலை வேண்டியிருந்தது. டிரஸ்ஸர் சொன்னதைக் காவலாளியிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்கு மரவள்ளிக் கஞ்சி தூக்கும் வேலையில் சேர்ந்தேன். அவர் மூலைப் பாயில் உட்கார்ந்து புள்ளியை அழுத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வாளியைப் பார்த்தார்.

"வேலை கெடச்சிருச்சா தம்பி?" என்றார்.