சந்தனம் பூசிய சிலிண்டர்

டவுனில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருடமாகத் தைக்கிறேன். நாங்கள் ஒன்பது பெண்கள். சுற்றிலும் துணிக்கட்டுகள். இறங்குவதற்கு ஒரே மாடிப்படி. அது தொடங்கும் இடத்தில், சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் தொங்கும்.

சரஸ்வதி பூஜைக்கு மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. சிலிண்டரை மட்டும் விட்டுவிட மனசு கேட்காது. அதற்கும் நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் வைப்பேன். அங்கே ஒட்டியிருந்த தாளில் காலாவதித் தேதி எழுதியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

முதலாளி யோசித்திருக்கிறார். நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று காலை மேலே வந்தார். பூஜைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன.

"மக்கா, அந்த சிலிண்டருக்கு சந்தனத்தக் கொஞ்சம் கனமா வச்சிரு."

"இன்னைக்கா?"

"நல்ல காரியத்துக்கு நாள் பாக்கணுமா?"

பூசும்போதே ஏன் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர். தாளைப் பார்க்கக் கை நீட்டியவர், குங்குமத்தைக் கண்டதும் ஷூ போட்ட காலோடு ஓரடி பின்னால் போய்விட்டார். அதைத் துடைக்க அவருக்கு மனமில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"எக்கா, இது இந்த வருஷம் மாத்தினதுதானே?"

முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாட்களிடம் எனக்குப் பேச வராது. தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

மதியம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். காலம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தீ பிடிச்சா நீ சந்தனம் பூசு ஏட்டி, நான் குருசு வரையுதேன். தானா அணைஞ்சிரும்" என்றாள் கடியப்பட்டணத்திலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து போய் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். அதிலும் பாதி அகலத்துக்குத் துணிக்கட்டு அடுக்கியிருந்தது. திரும்பி வந்தவள் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகம் போனேன். என் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். மூன்றாவது தடவை குமாஸ்தாவே கூப்பிட்டார்.

"என்ன காரியம்?"

"நேத்து கடைக்கு வந்த சார்ட்ட நான் ஆமான்னு தலையாட்டினேன். அது பொய். சிலிண்டருக்குக் காலம் முடிஞ்சு போச்சு."

"எழுதிக் கொண்டு வந்தியளா?"

அவரிடமே பேனா வாங்கி எழுதினேன். கடைப் பெயர், மூன்றாம் மாடி, ஒன்பது பெண்கள், படியில் துணி. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனா நின்றது. முதலாளி கண்ணில் இது பட்டால் வேலை போய்விடும். என்றாலும் போட்டேன்.

அவர் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

"எல்லாம் சரின்னு ரிப்போர்ட் போயாச்சே எக்கா. அடுத்த தடவ வரும்போ பாக்கச் சொல்லுதேன்."

"எப்ப வருவாங்க?"

"அடுத்த வருஷம்."

"அதுவரைக்கும்?"

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என் தாளை மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தார். பின்னால் நின்றவர், "நகருங்கோ" என்றார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.